சீல் வைக்கிறது பெருசில்ல சார்... அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?

தோழர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. மீம் இல்ல, கார்டு இல்ல, பதினஞ்சு செகண்ட் வீடியோவும் இல்ல. பிள்ளைங்க தூங்குன பிறகு நிதானமா படிங்க. வீட்டுல ரெண்டு வயசுலேர்ந்து அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருக்குறவங்க கட்டாயம் படிங்க.

எல்லாருக்கும் பழகிப்போன ஒரு காட்சியிலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஒரு ப்ளே ஸ்கூல்லயோ நர்சரியிலயோ ஒரு குழந்தை செத்துப்போகுது. ரெண்டு மணி நேரத்துல வருவாய்த் துறை ஜீப் வருது. கல்வித்துறை வருது, போலீஸ் வருது, தீயணைப்பு வருது. கேட்டுல பூட்டு, பூட்டு மேல துணி, துணி மேல அரக்கு. டிவியில "உரிய அனுமதி இல்லாமல் இயங்கியது தெரியவந்துள்ளது"ன்னு ஸ்க்ரோல் ஓடுது. மறுநாள் "மாவட்டம் முழுவதும் அதிரடி ஆய்வு"ன்னு செய்தி. பத்து நாள் கழிச்சு அதே மாவட்டத்துல அடுத்த தெருவுல இருக்குற ப்ளே ஸ்கூலுக்கு யாராவது போனாங்களான்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல.

"தெரியவந்துள்ளது." இந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. தெருமுனையில மிக்கி மவுஸ் படம் போட்டு, ஆர்ச் வச்சு, ஃப்ளெக்ஸ் அடிச்சு, "அட்மிஷன் ஓபன்"னு நோட்டீஸ் குடுத்து நடத்துற ஒரு இடம். அந்த வார்டுல கொசு மருந்து அடிக்கிறவருக்குத் தெரியும், இபி ரீடிங் எடுக்குறவருக்குத் தெரியும், சொத்து வரி போடுறவருக்குத் தெரியும். ஆய்வு செய்ய வேண்டியவருக்கு மட்டும் ஒரு குழந்தை செத்த பிறகுதான் "தெரியவருது".

2025 ஜனவரியில விக்கிரவாண்டி. தனியார் பள்ளி, எல்கேஜி படிச்ச குழந்தை, செப்டிக் டேங்குக்குள்ள விழுந்து இறந்துச்சு. மேல போட்டிருந்த மூடி தாங்கல. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில மதுரை. நாலு வயசு பெண் குழந்தை, விடுமுறையில ப்ளே ஸ்கூலுக்குப் போன இடத்துல தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்து இறந்துச்சு. கைது நடந்துச்சு, சீல் வச்சாங்க. ரெண்டு சம்பவத்துக்கும் நடுவுல நாலு மாசம்கூட முழுசா இல்ல. முதல் சம்பவத்துக்குப் பிறகு, சின்னக் குழந்தைங்க இருக்குற ஒவ்வொரு இடத்துலயும் தரையில இருக்குற மூடியை ஒருத்தர் காலால மிதிச்சுப் பார்த்திருந்தா போதும். அதுக்கு எஞ்சினியரிங் டிகிரிகூட வேண்டாம்.

நான் சிவில் எஞ்சினியரிங் முடிச்சவன். ஐடி விங்குல போஸ்டர் டிசைன் பண்றதுக்கு முன்னாடி ஒரு கட்டட கன்சல்டன்சியில எட்டு மாசம் வேலை பார்த்தேன். எந்த ஊரு, எந்த ஆபீஸுன்னு இங்க சொல்லப் போறதில்ல. ஒரு நாள் எங்க சார் கூப்பிட்டு, "தம்பி, ஒரு ப்ளே ஸ்கூலுக்கு ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் குடுக்கணும், போய் நாலு போட்டோ எடுத்துட்டு வா. மேலெல்லாம் ஏற வேண்டாம்"னாரு. மேல ஏற வேண்டாம்னு சொன்னதாலயே ஏறினேன். பழைய வீடு. மொட்டை மாடியில ரெண்டாயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ரெண்டு, பக்கத்துப் பக்கத்துல, சுவர் மேலயோ பீம் மேலயோ உக்காராம நடு ஸ்லாப்புல செங்கல் அடுக்கி வச்சிருந்தாங்க. ஒரு டேங்க் நிறைஞ்சா தண்ணி மட்டும் ரெண்டு டன். அது உக்காருற இடம் ஒன்றரை சதுர மீட்டர் இருக்கும். மனுஷங்க ஏறிப் போற மொட்டை மாடிக்கு டிசைன்ல நாம எடுக்குற பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. அதுக்கு நேர் கீழ இருந்த ரூம்லதான் மதியம் சாப்பிட்ட பிறகு குழந்தைங்களை பாய் விரிச்சுத் தூங்க வைக்கிறாங்க.

ரிப்போர்ட்ல எழுதினேன். சாயங்காலம் சார் அந்தப் பத்தியை மட்டும் எடுத்துட்டாரு. "போன் வந்துடுச்சுப்பா, விட்டுடு"ன்னாரு. யார்கிட்டேர்ந்து போன்? ஒரு வட்டச் செயலாளர். எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. சொன்னா கமெண்ட்ல பாதிப் பேரு கைதட்டுவீங்க, பாதிப் பேரு திட்டுவீங்க, டேங்க் அங்கேயேதான் இருக்கும். நான் கையெழுத்துப் போடல, அந்த அதிகாரம் எனக்கு இல்ல. ஆனா வாயும் திறக்கல. முதல் வேலை, வீட்டுல கல்விக் கடன். எட்டு மாசத்துல அந்த ஒரு பத்திதான் நான் எழுதுனதுலயே உருப்படியான பத்தி. அதைத்தான் எடுத்துட்டாங்க.

வீட்டை ஸ்கூலா மாத்துறதுன்னா பெயின்ட் அடிக்கிறது மட்டும்னு நினைக்கிறாங்க. வீட்டு ரூமுக்கு தரைத்தளம் தாங்கணும்னு எடுக்குற பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. வகுப்பறைக்கு 300 கிலோ. ஐஎஸ் 875-ன்னு ஒரு இந்தியத் தரநிலை இருக்கு, அதோட ரெண்டாம் பாகத்தைத் திறந்தா அட்டவணையிலேயே இருக்கும். அதாவது வீடா கட்டுனதை மாடியோட சேர்த்து ஸ்கூலாக்குனா ஒன்றரை மடங்கு பாரம் தாங்குதான்னு பார்த்துட்டுத்தான் சான்று குடுக்கணும். மாடிப்படி கைப்பிடிக் கம்பிக்கு நடுவுல குழந்தையோட தலை நுழையக் கூடாது. வெளியே போக ரெண்டாவது வழி இருக்கணும். கதவு உள்ளேர்ந்து குழந்தை பூட்டிக்கிற மாதிரி தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. இதெல்லாம் போட்டோவுல தெரியாது. போய்ப் பார்த்தாதான் தெரியும்.

சரி, சட்டம் இல்லையா? இருக்கு. நிறையவே இருக்கு.

தமிழ்நாட்டுல ஒரு பள்ளி நடத்தணும்னா நாலு சான்று வேணும். தாசில்தார் குடுக்குற கட்டட உரிமம், எஞ்சினியர் குடுக்குற கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று. ப்ளே ஸ்கூலுக்குன்னு தனியா 2015-லயே ஒரு விதிமுறைத் தொகுப்பு வந்தாச்சு. தேசிய குழந்தைகள் உரிமை ஆணையமும் ப்ளே ஸ்கூலுக்கு வழிகாட்டுதல் போட்டிருக்கு: 20 குழந்தைக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா, சுற்றுச்சுவர், இப்படி. பேப்பர்ல நம்ம குழந்தைங்க ரொம்பப் பாதுகாப்பா இருக்காங்க தோழர்களே.

நிஜத்துல என்ன? நாலு சான்றுக்கு நாலு ஆபீஸ். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு காலக்கெடு. ஒண்ணு முடிஞ்சது இன்னொண்ணுக்குத் தெரியாது. உங்க பைக் இன்சூரன்ஸ் முடியப்போகுதுன்னா ஒரு மாசம் முன்னாடியே மெசேஜ், போன், வாட்ஸ்அப் எல்லாம் வருது. நாப்பது குழந்தை தூங்குற கட்டடத்தோட தீயணைப்புச் சான்று முடிஞ்சா எந்தப் பெற்றோருக்கு மெசேஜ் வருது?

இது தமிழ்நாட்டுக் கதை மட்டுமில்ல. 2024 மே 25 ராத்திரி டெல்லி விவேக் விஹார்ல பச்சிளங்குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒண்ணு தீப்பிடிச்சதே, ஞாபகம் இருக்கா? 12 குழந்தைங்களை மீட்டு வெளியே கொண்டுவந்தாங்க, 7 குழந்தைங்க பிழைக்கல. அந்த இடத்தோட உரிமம் மார்ச் 31-லயே முடிஞ்சுபோச்சு. அந்த உரிமமும் 5 படுக்கைக்குத்தான். அது தலைநகரம். மத்திய அரசு, மாநில அரசு, மாநகராட்சின்னு மூணு அரசாங்கம் உக்காந்திருக்குற ஊரு. உரிமம் முடிஞ்சு ஐம்பது நாளுக்கு மேல ஆகியும் ஒருத்தர் வந்து கதவைத் தட்டல.

இப்ப கும்பகோணத்துக்கு வர்றேன். வராம இந்த விஷயத்தைப் பேச முடியாது.

2004 ஜூலை 16. எனக்கு அப்ப நடக்கவே சரியா வராத வயசு. ஆனா எங்க தலைமுறைக்கு எல்லாருக்கும் அந்தத் தேதி தெரியும், ஏன்னா ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் எங்க ஸ்கூல்ல மௌன அஞ்சலி. காசிராமன் தெருவுல ஒரே கட்டடத்துல 3 பள்ளி. சமையல் நடந்த இடத்துல பத்துன தீ, மேல வகுப்பு நடந்த கீத்துக் கொட்டகைக்குத் தாவுச்சு. இறங்குறதுக்குக் குறுகலான படிக்கட்டு. 94 குழந்தைங்க.

94 குழந்தைங்க சாகுறதுக்கு முன்னாடியும் அந்தப் பள்ளிக்கு அங்கீகாரம்னு ஒண்ணு இருந்துச்சு, அதைக் குடுத்த அதிகாரிங்க இருந்தாங்க. கீத்துக் கொட்டகை ஒளிச்சு வைக்கிற பொருளா? மொட்டை மாடியில ஊருக்கே தெரியுற மாதிரி நின்னுச்சு. தெருவுல நின்னு தலையைத் தூக்குனா ஆய்வு முடிஞ்சுடும். வழக்கு பத்து வருஷம் ஓடி, 2014 ஜூலை 30-ல தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. 10 பேர் குற்றவாளி, 11 பேர் விடுதலை. பள்ளி நிறுவனருக்கு ஆயுள். அதுவும் 2017-ல உயர் நீதிமன்றத்துல குறைஞ்சுபோச்சு. பிள்ளையைப் பறிகுடுத்த அம்மா அப்பாக்கள் அந்தப் பதிமூணு வருஷமும் கோர்ட்டு வாசல்ல நின்னாங்க.

ஆனா இன்னொண்ணும் நடந்துச்சு, அதையும் நேர்மையா சொல்லணும். கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகள்லேர்ந்து கீத்துக் கொட்டகையைத் தூக்கணும்னு அரசு கெடு வச்சு உத்தரவு போட்டுச்சு. தூக்கினாங்க. இன்னைக்கு உங்க ஊர்ல கீத்து வேய்ஞ்ச வகுப்பறையைத் தேடுனாலும் கிடைக்காது. அந்த விபத்துக்குப் பிறகு போட்ட பொதுநல வழக்குல 2009-ல உச்ச நீதிமன்றம், கல்வி உரிமைன்னா பாதுகாப்பான பள்ளிக்கூடத்துக்கான உரிமையும் அதுக்குள்ளதான் இருக்குன்னு சொல்லுச்சு. அப்போ முடியாதது இல்ல. மனசு வச்சா முடியும்.

அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் ஸ்கூல் பஸ்.

2012 ஜூலை. சென்னைக்குப் பக்கத்துல சேலையூர். ரெண்டாம் வகுப்பு படிச்ச பெண் குழந்தை, ஸ்கூல் பஸ் தரையில இருந்த ஓட்டை வழியா ரோட்டுல விழுந்து, அந்த பஸ் சக்கரத்துலயே மாட்டி இறந்துச்சு. அந்த பஸ்ஸுக்கு எஃப்சி இருந்துச்சு தோழர்களே. "இந்த வண்டி ஓடத் தகுதியானது"ன்னு அரசாங்க முத்திரை குத்துன சான்று. ஓட்டையும் இருந்துச்சு, சான்றும் இருந்துச்சு. சான்றை மட்டும் பார்த்தவங்களுக்கு பஸ் ஓகே.

சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கை எடுத்துச்சு. அந்த வருஷமே ஸ்கூல் பஸ்களுக்குன்னு சிறப்பு விதிகள் வந்துச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எல்லாரும் வருஷாவருஷம் பார்க்குறோம். மே மாசம் வந்தா மாவட்டத்துல இருக்குற மஞ்சள் பஸ் எல்லாம் ஒரு மைதானத்துல வரிசையா நிக்கும். ஆர்டிஓ, போலீஸ், கல்வித்துறை, தீயணைப்பு எல்லாரும் ஒரே இடத்துல. அவசர வழிக் கதவைத் திறந்து பார்க்குறாங்க, பிளாட்பாரத்தை மிதிச்சுப் பார்க்குறாங்க, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி, எல்லாம். பத்திரிகைக்காரங்க நிக்குறாங்க. "இத்தனை பஸ் வந்தது, இத்தனை பஸ் திருப்பி அனுப்பப்பட்டது"ன்னு மறுநாள் பேப்பர்ல எண்ணிக்கையோட வருது. குறை இல்லாம நடக்குதுன்னு சொல்லல. ஆனா ஒரு தேதி இருக்கு, ஒரு மைதானம் இருக்கு, நாலு துறையும் சேர்ந்து நிக்குது, ஊரு பார்க்குது. நாலு ஆபீஸ்ல தனித்தனியா ஃபைல் நகர்ற இடத்துல நடக்குற வேலை அங்க நடக்காது.

நாம கேக்குறது இவ்ளோதான்: அந்த மஞ்சள் பஸ் இறக்கிவிடுற கட்டடத்துக்கும் இதே மரியாதையைக் குடுங்க.

இதைச் சொன்னதும் ஒரு பதில் ரெடியா வரும். "லைசென்ஸ் ராஜ் வேணுமா? இன்ஸ்பெக்டர் வந்தா கவர் வாங்கிட்டுப் போவாரு, அவ்ளோதான். சின்னச் சின்ன சென்டர் எல்லாம் மூடிடுவாங்க, வேலைக்குப் போற பொம்பளைங்க எங்க போவாங்க?"

இதுல பாதி உண்மை. அதனாலதான் இதுக்கு நிதானமா பதில் சொல்லணும்.

திருப்பூர்லயே எடுத்துக்கோங்க. தொழிற்சாலைகள் சட்டம் 1948, பிரிவு 48: முப்பது பெண்களுக்கு மேல வேலை பார்க்குற தொழிற்சாலையில குழந்தைகள் காப்பகம் இருக்கணும்னு சொல்லுச்சு. 2017-ல மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்துனப்போ, அம்பது பேரோ அதுக்கு மேலயோ இருந்தா கிரெச் வசதி கட்டாயம், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம்னு சேர்த்தாங்க. நல்ல சட்டம். ஆனா பத்துப் பதினஞ்சு மெஷினோட ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுற யூனிட்டுல இருக்குற அக்காவுக்கு இது ரெண்டுமே கிடையாது. அவங்க பிள்ளையை விடுறது அதே காம்பவுண்டுல ஒரு பாட்டி வீட்டுல, இல்லன்னா தெருவுல ஒரு அக்கா நடத்துற டே கேர்ல. அந்த அக்கா கெட்டவங்க இல்ல. காலையில ஏழு மணிக்கு வாங்கி ராத்திரி எட்டு மணிக்குத் திருப்பிக் குடுக்குறாங்க, ஓவர்டைம் இருந்தா ஒன்பது. அங்க போய் சீல் வச்சா அந்தக் குழந்தை பூட்டுன வீட்டுக்குள்ள தனியா கிடக்கும். அதையா நாம கேக்குறோம்?

சீல் வைக்கச் சொல்லல. வாசல்ல ஒரு தடவை வந்து பாருங்கன்னு சொல்றோம். கேஸ் சிலிண்டரை ரூமுக்கு வெளிய வைங்க, தொட்டி மூடிக்குப் பூட்டுப் போடுங்க, ஒரு தீயணைப்புக் கருவி வாங்குங்க, முப்பது நாள் டைம், மறுபடி வருவேன். இதைச் சொல்றதுக்கு அரக்கு வேண்டாம். அந்த அக்காவுக்குக் காசு இல்லன்னா அரசாங்கம் குடுக்கட்டும். சிலாப் போட்டு ஒரு தொட்டியை மூட எவ்ளோ ஆகும்னு எனக்குத் தெரியும், இறந்த பிறகு குடுக்குற நிவாரணத் தொகையில ஒரு துண்டுகூட ஆகாது. சுத்தமா எதையும் கேக்காம, கேட்டதைச் செய்ய நாள் குடுத்தும் செய்யாம, கட்டணம் மட்டும் அம்பதாயிரம் அறுபதாயிரம் வாங்குற ஏசி ரூம் ப்ளே ஸ்கூல் இருந்தா, அங்க தாராளமா பூட்டுங்க. நாங்களே பூட்டு வாங்கித் தர்றோம்.

கவர் விஷயம். ஆமா, கவர் இருக்கு. ஆனா கவர் எங்க வேலை செய்யுது? ஆய்வு அறிக்கை ஃபைலுக்குள்ள இருக்குற வரைக்கும்தான் வேலை செய்யுது. அந்த அறிக்கை தமிழ்ல, கேட்டுலேயே, எல்லா அம்மாவும் படிக்கிற மாதிரி ஒட்டியிருந்தா? "ஆய்வு செய்த தேதி இது, கண்ட குறை இது, சரிசெய்ய வேண்டிய நாள் இது, ஆய்வு செய்தவர் பெயர் இது." மூடி இல்லாத தொட்டி இருக்குற இடத்துல "குறை எதுவும் இல்லை"ன்னு தன் பேரைப் போட்டு ஒட்ட எந்த அதிகாரி துணிவாரு? பஜ்ஜி கடையில கூட உணவுப் பாதுகாப்பு நம்பர் தொங்குது. எந்த எண்ணெய்ல போண்டா வெந்துச்சுன்னு கேக்க நமக்கு ஒரு நம்பர் இருக்கு. எந்தக் கட்டடத்துல நம்ம பிள்ளை தூங்குதுன்னு கேக்க ஒரு நம்பர் இல்ல.

இன்னொரு ஓட்டை சட்டத்துலயே இருக்கு. கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுலேர்ந்து 14 வயசு வரைக்கும்தான். அந்தச் சட்டத்தோட அங்கீகார நிபந்தனை எல்லாம் ஆறு வயசுக்கு மேலதான் பிடிக்கும். அதாவது ஓடத் தெரிஞ்ச, கத்தத் தெரிஞ்ச, ஜன்னல் ஏறிக் குதிக்கத் தெரிஞ்ச குழந்தைக்குச் சட்டம் கெட்டியா இருக்கு. டயப்பர் போட்ட குழந்தைக்கு வழிகாட்டுதல், சுற்றறிக்கை, விதிமுறைத் தொகுப்பு. பொறுப்பும் அப்படியே சிதறிக் கிடக்கு: ப்ளே ஸ்கூல்னா கல்வித்துறை, அங்கன்வாடின்னா சமூக நலத்துறை, ஃபேக்டரி கிரெச்னா தொழிலக பாதுகாப்புத் துறை. மாடி வீட்டுல போர்டு இல்லாம நடக்குற டே கேர்னா? எந்த ஆபீஸுக்குப் போனாலும் "அது எங்களது இல்ல சார்"தான்.

அங்கன்வாடியையும் விட்டுடக் கூடாது. தமிழ்நாட்டுல 54 ஆயிரம் மையம் கிட்ட இருக்கு. ஏழை வீட்டுக் குழந்தைங்க போற இடம் அதுதான். தனியாரைப் பேசும்போது மட்டும் நமக்குக் கோபம் வந்து, அரசு மையத்துல கூரை பூச்சு விழுந்தா "பழைய கட்டடம், என்ன பண்றது"ன்னு கடந்து போனா, நம்ம கோபம் கோபமே இல்ல. வாடகைக் கட்டடத்துல, ஒத்த ரூம்ல, அதுலயே சமையல், அதுலயே தூக்கம்னு ஓட்டுற மையங்கள் எத்தனை இருக்குன்னு உங்க வார்டுலயே பாருங்க. அந்த அங்கன்வாடி அக்கா சம்பளத்துக்கும் வேலைப் பளுவுக்கும் தனிப் பதிவே போடணும். போடுவோம்.

இப்ப கசப்பான பகுதி. இது நமக்கு நாமே சொல்லிக்கிறது.

கமெண்ட்ல "2004-ல யார் ஆட்சி, 2012-ல யார் ஆட்சி, 2025-ல யார் ஆட்சி"ன்னு பட்டியல் போட்டு சண்டை பிடிக்கப் போறீங்கன்னு தெரியும். ஐடி விங்குல இருக்குறவனுக்கு அந்த ஆசை இருக்காதா? எனக்கே ஒரு கார்டு மனசுல ரெடியா இருக்கு. ஆனா அந்த டேங்க் விஷயத்துல போன் போட்டவரு எந்தக் கட்சிக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் ஸ்லாப்புக்கு ஒரே பாரம்தான். நம்ம ஆட்கள்லயும் நர்சரி நடத்துறவங்க இருக்காங்க, ப்ளே ஸ்கூல் ஃபிரான்சைஸ் எடுத்தவங்க இருக்காங்க, கல்யாண மண்டப மாடியை வாடகைக்கு விட்டவங்க இருக்காங்க. சான்று இழுத்தடிக்குதுன்னா கிளைச் செயலாளருக்கு போன் பண்றாங்க, அவரும் "நம்ம பையன்தான் சார், பார்த்துப் பண்ணுங்க"ன்னு ஒரு வார்த்தை போட்டு வைக்கிறாரு. அவரைப் பொறுத்தவரைக்கும் அது ஒரு உதவி. அவர் ஒரு தொட்டியையும் பார்க்கல, ஒரு கம்பியையும் பார்க்கல. பார்க்க வேண்டியவரையும் பார்க்க விடாம பண்ணிட்டாரு. அவ்ளோதான் நடந்தது.

நிர்வாகிகளுக்கு நேராவே சொல்றேன், வயசுல சின்னவன், மன்னிச்சுக்கோங்க: குழந்தைங்க இருக்குற கட்டடத்துக்கு சிபாரிசு போன் போடாதீங்கண்ணே. லேட் ஆகுதுன்னா லேட்டைப் பத்திக் கேளுங்க, "எப்ப வந்து பார்ப்பீங்க"ன்னு கேளுங்க. "பார்க்காம குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க.

தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. இதைப் படிச்சுட்டு நாளைக்குக் காலையில போனைத் தூக்கிட்டு லைவ் போட்டுக்கிட்டு எந்த ப்ளே ஸ்கூலுக்குள்ளயும் நுழையாதீங்க. நாம இன்ஸ்பெக்டர் இல்ல. குழந்தைங்க முகத்தை வீடியோ எடுத்துப் போடுறதும், ஆயாவை மிரட்டுறதும் நம்ம வேலை இல்ல. அப்படி ஒரு வீடியோ இந்தப் பக்கத்துக்கு வந்தா போட மாட்டோம்.

பெற்றோரா போங்க. பெற்றோருக்கு கேக்க உரிமை இருக்கு. அட்மிஷன் போடும்போது ஏபிசிடி எப்ப சொல்லிக் குடுப்பீங்க, ஃபோனிக்ஸ் உண்டான்னு கேக்குறோம். அதோட இதையும் கேளுங்க: தண்ணித் தொட்டி எங்க இருக்கு, மூடியைக் காட்டுங்க. செப்டிக் டேங்க் எங்க இருக்கு. சமையல் எங்க நடக்குது. தீப்பிடிச்சா எந்த வழியா வெளியே கொண்டு போவீங்க. தீயணைப்புச் சான்றுல என்ன தேதி போட்டிருக்கு. மதியம் குழந்தைங்க தூங்கும்போது ரூம்ல யாரு இருப்பாங்க. "என்ன மேடம் இப்படி சந்தேகப்படுறீங்க"ன்னு முகம் சுளிச்சா, அதுவே ஒரு பதில்தான். பத்து வீட்டு அம்மாக்கள் சேர்ந்து போனா இந்த முகச் சுளிப்பும் இருக்காது. ஏதாவது அவசரம், குழந்தைக்கு ஆபத்துன்னு கண்ணால பார்த்தா 1098-க்கு அடிங்க, அது இருபத்திநாலு மணி நேரமும் எடுக்குற நம்பர்.

கட்சிப் பக்கமா செய்ய வேண்டியது வேற. ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஒருத்தர், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. நாலே கேள்வி. இந்த மாவட்டத்துல அனுமதி பெற்ற ப்ளே ஸ்கூல் எத்தனை? அதுல நாலு சான்றும் இன்னைக்குத் தேதியில உயிரோட இருக்குறது எத்தனை? கடைசி பன்னெண்டு மாசத்துல நேர்ல போய் ஆய்வு செஞ்சது எத்தனை, எந்தெந்தத் தேதியில? குறை கண்டு நோட்டீஸ் குடுத்ததுல சரிசெஞ்சது எத்தனை? முதல் கேள்விக்கு பதில் சீக்கிரம் வரும். மூணாவதுக்கு வர்ற பதிலை வச்சு, ஜூன் மாசம் பள்ளி திறக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸ்லயும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல நாம நிக்கணும்.

மனுவோட மாதிரி தமிழ்ல டைப் பண்ணி முதல் கமெண்ட்ல போட்டிருக்கேன். மாவட்டப் பேரை மட்டும் மாத்திக்கோங்க. ஒரு மாவட்டத்துக்கு ஒருத்தர் போதும், நாப்பது பேர் அதே மனுவைப் போட்டு ஆபீஸ்ல வேலை பார்க்குறவங்களை நோகடிக்க வேண்டாம். யார் போடுறீங்கன்னு மாவட்ட ஒருங்கிணைப்பாளர்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க. நான் எங்க மாவட்டத்துக்குப் போட்டுட்டேன். அதோட தனியா இன்னொரு மனுவும் போட்டேன், ரெண்டு டேங்க் வச்ச அந்த மொட்டை மாடியோட சான்று எந்தத் தேதியில, எதைப் பார்த்துக் குடுத்தாங்கன்னு கேட்டு. முப்பது நாள் டைம் இருக்கு. பதில் வந்தா இங்கேயே போடுறேன்.